மினி பஸ் படிக்கட்டிலிருந்து

2025 ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. முன்பெல்லாம் இன்றைக்குப் படிக்கட்டில் கண்டக்டர் எனக்கே நிற்க இடம் இருக்காது. காலை முதல் நடையில் 19 டிக்கெட். கும்பகோணம் போகிற பிள்ளைகள் கையில் அரசு பஸ் பாஸ், அது நம்ம வண்டியில் செல்லாது. மற்றதுகளை ஸ்கூல் வேன் வாசலிலேயே வந்து அள்ளிக்கொண்டு போகிறது.

ஜூன் 4, புதன்

மெயின் ரோடு ஸ்டாப்பில் நாலு பெண்கள். வண்டி கிட்டே போகும்போதே ஒரு அக்கா, கையை இடுப்பு உயரத்திலேயே வைத்து விரல்களை மட்டும் வெளிப்பக்கம் தள்ளினார். 'நீ போப்பா' என்று அர்த்தம். பின்னால் பிங்க் பஸ், அதாவது பிங்க் பெயிண்ட் அடித்த அரசு டவுன் பஸ் வருகிறது. 2021 மே மாதம் அந்த பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்று ஆன பிறகு நான் கற்றுக்கொண்ட பாஷை இது.

கோபப்பட்டு என்ன? என் வீட்டம்மாவும் பிங்க் பஸ்தான். கேட்டால், "மாசம் ஐநூறு ரூபாய் மிச்சமாகுது, நீ குடுப்பியா?" என்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். சுவாமிமலைக்குக் காவடியும் பால்குடமுமாகக் கூட்டம். நாலு நடை அடைத்துக்கொண்டு போனது. டிரைவர் அண்ணன் நாளெல்லாம் பாட்டை நிறுத்தவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

எல்லோரும் இலவச பஸ்ஸைத்தான் குறை சொல்கிறார்கள். முதலில் இறங்கிப் போனது ஆம்பளைகள். டிவிஎஸ் எக்ஸெல் வண்டி வந்ததும் உர மூட்டை, வாழைத்தார் எல்லாம் நம்ம டாப்பிலிருந்து அதற்கு மாறிவிட்டது. கொரோனாவில் பஸ் நின்ற மாதங்களில் பைக் வாங்கியவர்கள் திரும்பி வரவேயில்லை.

ஆள் குறைந்ததும் முதலாளி மத்தியான நடை இரண்டை நிறுத்தினார். டீசல் தொண்ணூறு ரூபாயைத் தாண்டிய பிறகு அவரும் என்ன செய்வார்? ஆனால் மத்தியானம் திரும்பி வர வண்டி இல்லை என்றதும், காலையில் வந்துகொண்டிருந்த டெய்லரும் ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கிவிட்டார். நின்றது மத்தியான நடை, போனது காலை டிக்கெட்.

இப்போது இன்னொன்று. வீட்டுக்காரர் மனைவியை பைக்கில் கொண்டுவந்து மெயின் ரோட்டில் விடுகிறார், அங்கிருந்து பிங்க் பஸ். 1997இல் மினி பஸ் கொண்டுவந்தபோது கணக்கு, பஸ் போகாத ரோட்டில் 16 கிலோமீட்டர், போகிற ரோட்டில் 4. அந்தப் 16இல்தான் நமக்குப் பிழைப்பு. இப்போது அதிலும் காற்று வாங்குகிறது.

ஜூன் 16, திங்கள்

தஞ்சாவூரில் முதல்வர் புது மினி பஸ் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இனி 25 கிலோமீட்டர் வரை ஓட்டலாமாம். முதலாளி சாயங்காலம் டிக்கெட் கட்டுக்குப் பின்னாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். "ரூட்டு நீளுது, ஆளு நீளணுமே" என்றார்.

கடைசி நடையில் இரண்டே பேர். ஒருவர் முருங்கைக்கீரைக் கட்டோடு வழக்கமாக ஏறும் ஆயா. பிங்க் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடக்க அவருக்குக் கால் வராது. இன்னொருவர் அந்த டெய்லர்! ஸ்கூட்டி பஞ்சராம்.

"காலையில முதல் வண்டி எத்தனை மணிக்குப்பா?" என்று கேட்டார். பத்து வருஷம் அதே வண்டியில் வந்தவர்.