பழனியா, திருப்பதியா?

அப்பா இறந்தபோது நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பதினாறாம் நாள் காரியம் முடித்து, மொட்டைத் தலையோடு கல்லூரிக்குத் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பக்கத்து வகுப்புப் பையன், “என்னடா, பழனியா திருப்பதியா?” என்றான். பாவம், அவனுக்குத் தெரியாது. கேண்டீன் போவதற்குள் இன்னும் மூன்று பேர் கேட்டார்கள். நான்காவது ஆளிடம் “பழனி” என்று சொல்லிவிட்டேன். சட்டென்று பேச்சு முடிந்தது.

அப்புறம் அட்டெண்டன்ஸ். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களும் சேர்ந்து 69 சதவீதத்துக்கு வந்திருந்தது. எங்கள் கல்லூரியில் 75 வேண்டும். 65க்கு மேல் இருந்தால் காண்டோனேஷன், அதாவது குறைந்த வருகைக்கு விலக்கு, கேட்கலாம். ஆனால் படிவத்தில் இருந்த காரணங்கள் இரண்டுதான்: உடல்நலக் குறைவு, விளையாட்டு. சாவு என்று ஒன்று இல்லை. “மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாப்பா, வேலை சுலபமா முடியும்” என்றார் ஆபீஸில். நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பா செத்ததற்கு எனக்கு டைபாய்டு என்று எழுதிக் கொடுக்க எனக்குத்தான் கை வரவில்லை.

கிளாஸ் அட்வைசர் மேடம் படிவத்தை வாங்கி, ஓரத்தில் பேனாவால் “தந்தை மறைவு” என்று எழுதி, இறப்புச் சான்றிதழ் நகலைப் பின் பண்ணி, ஹெச்ஓடியிடமும் பிரின்சிபாலிடமும் அவரே கொண்டுபோனார். “மத்த ஸ்டாஃப்கிட்ட நானே சொல்லிட்டேன், இனிமே யாரும் உன்கிட்ட கேக்க மாட்டாங்க” என்றார். கையெழுத்து கிடைத்ததைவிட இது பெரிய உதவி.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், தாமதக் கட்டணம் இல்லை. சான்றிதழை ஏழெட்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போகிற மேஜையெல்லாம் கேட்பார்கள்.

எனக்கு அழுகை வந்தது இரண்டு மாதம் கழித்து, லேப் ரெக்கார்டு எழுதும்போது. அன்று ராத்திரி 14416க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, போன் செய்தேன். இலவசம், தமிழிலேயே பேசலாம். எதிர்முனையில் இருந்தவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டார், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் மாற்றவில்லை. கிளாஸுக்கு வராத நாளில் கல்லூரியிலிருந்து போகும் எஸ்எம்எஸ் அப்பா நம்பருக்குத்தான் போகும். அந்த போன் இப்போது அம்மாவிடம். நம்பர் மாற்றும் படிவம் பையிலேயே கிடந்தது. லீவு போட்ட அன்றெல்லாம் பத்தரை மணிக்கு அம்மா கூப்பிடுவாள்: “அப்பா போனுக்கு மெசேஜ் வந்திருக்குடா, காலேஜ் போகலையா?”