லொங்காங்கில் ஊற்றுவது எங்கே போகிறது?

தீபாவளி நெருங்கிவிட்டால் சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ புளோக்கில் இது தவறாமல் நடக்கும்: முறுக்கு சுட்ட சட்டியைக் கழுவிய தண்ணீரை வாளியோடு கொண்டுவந்து கீழே லொங்காங்கில், அதாவது மழைநீர் வடிகாலில், கவிழ்ப்பது. கம்பி மூடியில் வெள்ளையாகப் பிசுக்கு படிந்து, அதில் ரெண்டு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டே விட்டேன். "கிச்சன் குழாய்ல ஊத்துனா அடைச்சுக்கும்பா. இது கடலுக்குத்தானே போகுது" என்றார்.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது சரிதான். அப்போது காலாங் ஆறு நேரே கடலில் கலந்தது. 2008ல் மரினா அணைக்கட்டு வந்ததும் கடல் வெளியே நின்றுவிட்டது, உள்ளே இருப்பது நீர்த்தேக்கம். எங்கள் பேட்டை மழைத்தண்ணீர் லொங்காங்கிலிருந்து காலாங் வழியாக அங்கே போய், அப்புறம் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய், குழாயில் திரும்பி வருகிறது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழைக்கு இதே கதைதான், நீர்த்தேக்கம் மட்டும் மாறும். நீங்கள் ரசம் வைக்கிற தண்ணீரக்கா அது என்றேன், நம்பவில்லை.

சமையலறை, கழிவறைத் தண்ணீர் போகும் பாதையே வேறு. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டருக்கு ஆழத்தில் ஒரு சுரங்கம் தோண்டி வைத்திருக்கிறார்கள். சரிவாகவே தோண்டியிருப்பதால் கழிவுநீர் தானாக ஓடிவிடும், வழியில் அங்கங்கே பம்ப் நிலையம் கட்டி இடத்தை அடைக்க வேண்டியதில்லை, நிலத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடுள்ள ஊரில் அது சின்ன விஷயமா என்ன. சாங்கியில் சுத்திகரித்ததில் ஒரு பகுதி இன்னும் சுத்தமாக்கப்பட்டு, திரும்பப் பயன்படுத்தும் நியூவாட்டர் ஆகிறது, மீதிதான் கடலுக்கு. ஆக, அக்கா சொன்ன கடலுக்குப் போவது அவர் ஊற்றப் பயந்த அந்தக் கிச்சன் குழாய்த் தண்ணீர்தான்!

2001ல் கழிவுநீரையும் வடிகாலையும் சுற்றுச்சூழல் அமைச்சிடமிருந்து வாங்கி, குடிநீரைப் பார்த்துக்கொண்டிருந்த பொதுப் பயனீட்டுக் கழகத்திடமே கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் அணைக்கட்டைவிடப் பெரிய வேலை அதுதான். வடிகாலில் விழும் குப்பை தன் நீர்த்தேக்கத்துக்குத்தான் வரும் என்றால் அக்கறை தானாக வரும்.

வெள்ளத்துக்கும் அவர்களே பொறுப்பு. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது ஞாபகம் இருக்கலாம். அதற்கப்புறம் தாவரவியல் பூங்கா பக்கம் நிலத்தடியில் 38,000 கன மீட்டர் கொள்ளும் தொட்டி கட்டினார்கள். மழை கொட்டும்போது கால்வாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழை விட்டதும் பம்ப் வைத்துத் திருப்பி அனுப்பும்.

சரி, எண்ணெயை என்ன செய்வது? கிச்சன் குழாயிலும் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும் என்று அக்கா சொன்னது உண்மைதான். ஆறவிட்டுப் பழைய பாட்டிலில் அடைத்துக் குப்பையில் போடுங்கள். சட்டியைக் கழுவுவதற்கு முன் பழைய முரசு பேப்பரால் ஒரு துடை துடைத்துவிட்டால் போதும். வீடு துடைத்த வாளியைக் கழிவறையில் கவிழ்க்கலாம், கீழே தூக்கிக்கொண்டு வரும் வேலையும் மிச்சம்.