பின்னேரம் பாங்குக்கு, விடியக்காலமை எனக்கு

பாங்க் வேலை எண்டால் மூண்டு மணிக்குக் கதவைச் சாத்திப்போட்டு வீட்டை போய்ப் படுக்கலாம் எண்டுதான் எங்கடை சனம் இண்டைக்கும் நினைச்சுக்கொண்டிருக்குது. சொந்தத்துக்குள்ளை ஒரு சடங்குக்குப் பிந்திப் போனால் "மூண்டு மணிக்கே முடிஞ்சிருக்குமே பிள்ளை" எண்டு முகத்துக்கு நேரை கேப்பினம். மூண்டு மணிக்குச் சாத்துறது முன்கதவு மட்டும்தான். அதுக்குப் பிறகுதான் லாச்சிக் காசை எண்ணி, கொம்பியூட்டரிலை நிக்கிற தொகையோடை சரி பாத்து, அண்டைக்கு அடகுக்கு வந்த நகைப் பைகளை ஒவ்வொண்டாச் சீல் பாத்து உள்ளுக்கு வைச்சுப் பெட்டகத்தைப் பூட்டோணும். பெட்டகத்துக்கு ரெண்டு திறப்பு, அது ரெண்டு பேரிட்டை இருக்கும், ஒராள் தனியத் திறக்கவும் ஏலாது பூட்டவும் ஏலாது. ஆனபடியால் ஏதோ ஒரு கவுண்டரிலை ஐந்நூறு ரூபா இடிக்குது எண்டால், என்ரை வேலை எப்பவோ முடிஞ்சிருந்தாலும், திறப்பு வைச்சிருக்கிற பாவத்துக்கு நானும் நிக்கோணும். மாதக் கடைசி எண்டால் கேக்கவே வேண்டாம். இதுக்குள்ளை லோன் கட்டாத ஆக்களுக்குப் போன் எடுக்கிறது, வீட்டை வந்து சோத்திலை கை வைக்கேக்கை வட்ஸ்அப் குறூப்பிலை "இண்டைய நிலவரம் என்ன" எண்டு மேலிடத்து மெசேஜ்.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், "வேலை முடிஞ்சு வந்து சைக்கிள் ஓடலாமே" எண்டு ஆரும் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வேலை எப்ப முடியும் எண்டு தெரிஞ்சால்தானே. அதாலை நான் பின்னேரத்தைக் கைவிட்டுட்டன். பின்னேரம் பாங்குக்கு, விடியக்காலமை எனக்கு, அவ்வளவுதான் ஒப்பந்தம்.

சைக்கிளுக்குத் திரும்பி வந்தது உடம்பைப் பாத்தோ மனசைப் பாத்தோ இல்லை, பெற்றோலாலை. 2022 யூலையிலை தட்டுப்பாட்டுக்குப் பெற்றோலைப் பங்கிட க்யூஆர் முறை வரேக்கை மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டுதானே தந்தவை, என்ரை மனுசன் இவருக்குப் பள்ளிக்கூட வேலை வடமராட்சியிலை, அந்த 4 லீற்றரும் அவருக்கே காணாது. எனக்கு அம்மா வீட்டுக் கோடியிலை தூசி பிடிச்சுக் கிடந்த லேடீஸ் சைக்கிள்தான் மிச்சம், ஓ எல் படிக்கேக்கை ரியூசனுக்கு ஓடினது, ரயர் ரெண்டும் வெடிச்சு, செயின் துருப்பிடிச்சு, பெல் மட்டும் என்னவோ நல்லா அடிச்சுது. சந்தியிலை சைக்கிள் கடை வைச்சிருக்கிற ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு "பிறேம் இரும்பு பிள்ளை, இப்ப உப்பிடிக் கிடையாது" எண்டு சொல்லிப் போட்டு ரயர் தேடித் தந்தவர், அந்த நேரம் ரயர் எடுக்கிறதே பெரிய பாடு.

அம்மாக்கு உது ஒண்டும் புதுசில்லை. 90இலை சண்டைக்குள்ளை அரசாங்கத்தின்ரை பொருளாதாரத் தடை வந்து பெற்றோலும் மண்ணெண்ணெயும் பற்றரியும் வராமல் விடேக்கை யாழ்ப்பாணமே சைக்கிளிலைதான் ஓடினது, விறகு, நெல்லு மூட்டை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வருத்தக்காரர் எல்லாம் கரியரிலை. சைக்கிளைக் கவிட்டு வைச்சுக் கையாலை பெடலைச் சுத்தி டைனமோ கரண்டிலை ரேடியோச் செய்தி கேட்ட காலம். அம்மா என்னைப் பாத்துச் சொல்லுவா, "நாங்கள் உழக்கினது உலை வைக்கிறதுக்கு, நீ காசு உழைக்கிற இடத்திலை பட்ட கரைச்சல் போறதுக்கு உழக்கிறாய்" எண்டு. சொல்லிப்போட்டு எனக்கு முதல் எழும்பி பிளேன்ரீயும் போட்டு வைச்சிருப்பா.

பெற்றோல் வந்திட்டுது, க்யூஆரும் போட்டுது, நான் சைக்கிளை விடேல்லை. கோப்பாயிலையிருந்து இருபாலை, கல்வியங்காடு, நல்லூரடி, பேந்து ரவுண், எல்லாமாய் 7 கிலோமீற்றருக்குக் கிட்ட, அவசரப்படாமல் உழக்கினால் அரை மணித்தியாலம். சாறியோடை உழக்கிறேல்லை. சுடிதாரோடை போய் பிராஞ்சிலை மாத்துறது, திங்கக்கிழமை இவர் ரவுணுக்கு வாற சாட்டிலை கிழமைக்குத் தேவையான சாறியளை அயன் பண்ணி மடிச்சுக் கொண்டு வந்து தந்திடுவார், அதுகள் ஸ்ரேசனறி அலுமாரியிலை ஏ4 பேப்பர்க் கட்டுகளுக்கு மேலை இருக்கும். ஏழு மணிக்கு முதல் படலை தாண்டினால் வெயில் ஏறாது, போய்ச் சேந்து ஒரு பத்து நிமிசம் பான் காத்திலை இருந்து துவாயாலை துடைச்சால் வேர்வை அடங்கீடும். ஏழரைக்கு வெளிக்கிட்டால் அந்தக் கணக்கு எல்லாம் பிழைக்கும், சித்திரை வைகாசியிலை எண்டால் சொல்லவே தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனம் வளந்த ஆக்களுக்குச் சொல்லுறது கிழமைக்கு ஆகக் குறைஞ்சது 150 நிமிசம் மிதமான உடற்பயிற்சி. மிதமான எண்டால் பக்கத்திலை வாற ஆளோடை கதைக்கலாம், ஆனால் பாட்டுப் பாடேலாது, அந்தளவு மூச்சு வாங்கினால் காணும். காலமை ஒரு வழிப் பயணம் அரை மணித்தியாலம், அஞ்சு வேலைநாள், அதோடை 150 சரி. இதுக்கெண்டு ஜிம்முக்குக் காசு கட்டி, கட்டின காசுக்காக மனவருத்தப்பட்டு, எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை.

மனசுக்கு என்ன செய்யுது எண்டு கேட்டால், பெரிய தியானம் ஒண்டும் நடக்கிறேல்லை. வெளிக்கிடேக்கை தலைக்குள்ளை மனேஜரோடை சண்டை ஓடிக்கொண்டிருக்கும், நேற்று அவர் சொன்னதுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் எல்லாம் வடிவா வரும். இருபாலைச் சந்தியிலை மினிபஸ்காரன் பின்னுக்கு வந்து கோர்ண் அடிக்க, முன்னுக்குக் கட்டாக்காலி மாடு குறுக்கை நிக்க, ரோட்டுக் கரையிலை கிடங்கு வர, பெண்டிங்கிலை கிடக்கிற பைல் எங்கை ஞாபகம் வரும். கண்ணும் காலும் கையும் ஒரே நேரத்திலை வேலை செய்யோணும், யோசிக்க இடமில்லை. நல்லூரடிக்கு வரேக்கை சண்டை பாதியிலை நிண்டிருக்கும், ஆர் வெண்டது எண்டும் தெரியாது. திருவிழா நடக்கிற 25 நாளும் கோயிலைச் சுத்தி ரோட்டு மூடியிருக்கிறதாலை ஒழுங்கையளுக்குள்ளாலை சுத்திப் போகோணும், அந்த நேரம் வெளிநாட்டிலையிருந்து வந்த சனத்தாலை கவுண்டரிலையும் நிக்க இடமிருக்காது, எனக்கு வருசத்திலை மெத்தக் கரைச்சலான மாதமும் அதுதான், சுத்திப் போற அந்த ஒழுங்கையளிலை விடிய மாக்கோலம் போட்டிருக்கிறதைப் பாத்துக்கொண்டு போற மாதமும் அதுதான்.

உண்மையான பிரச்சினை திரும்பி வாறது. எங்கடை ஊரிலை ஏழு மணிக்கு எந்த மாதமும் இருட்டுத்தான். கழுத்திலை சங்கிலியோடை தனியச் சைக்கிளிலை வாற பொம்பிளையைப் பாத்து மோட்டச்சைக்கிளிலை வந்து அறுத்துக்கொண்டு போறவங்கள் இருக்கிற காலத்திலை, "துணிஞ்சு வாங்கோ, பயப்பிடாதேங்கோ" எண்டு நான் ஆருக்கும் சொல்லமாட்டன். நான் செய்யிறது, சங்கிலி போடுறேல்லை, ஆறுக்குப் பிந்தும் எண்டு தெரிஞ்சால் இவருக்கு ஒரு மிஸ்ட் கோல். அவர் வந்தால் ரெண்டு வழி. அலுப்பு எண்டால் சைக்கிளைப் பிராஞ்சிலை விட்டிட்டு அவரோடை ஏறிடுவன், அடுத்த நாள் விடிய பஸ். அலுப்பில்லை எண்டால் நான் முன்னுக்கு உழக்க அவர் பின்னுக்கு மோட்டச்சைக்கிளிலை லைற் அடிச்சுக்கொண்டு வருவார், மந்திரிக்குப் பாதுகாப்பு வண்டி வாற மாதிரி. கல்வியங்காட்டுச் சந்தைக்கு முன்னாலை நிக்கிற ஆக்கள் முதல் சிரிச்சவை, இப்ப பழகீட்டுது. இவருக்குத்தான் அந்த ஸ்பீட்டிலை மோட்டச்சைக்கிளை விழாமல் பிடிக்கிறது பெரிய வேலை.

நீட்டுக்கு ஓடுறது எண்டால் எனக்குப் போயா நாள்தான், பறுவத்துக்கு வாற அரசாங்க லீவு. மாதத்துக்கு ஒண்டு, சில வருசத்திலை 13 வரும், பாங்க் பூட்டு, ஒருத்தரும் போன் எடுக்கமாட்டினம். பக்கத்து வளவு தாதி அக்காவும் நானும்தான் போறது, அவவுக்கும் நேர காலமில்லாத வேலை. அவவிட்டை ஒரு கட்டாயச் சட்டம் இருக்குது, நைட் டியூட்டி முடிச்ச காலமை சைக்கிளைத் தொடமாட்டா, நித்திரை முழிச்ச கண்ணுக்கு லொறி வாறது பிந்தித்தான் தெரியும் எண்டுவா. எனக்கும் ஐந்து மணித்தியாலம் நித்திரை கொள்ளாட்டி அண்டைக்குச் சைக்கிள் இல்லை. நித்திரையை வெட்டி உடற்பயிற்சி செய்யிறது ஒரு அடகை மீட்க இன்னொரு அடகு வைக்கிற வேலை, அதைத் தினமும் கவுண்டரிலை பாக்கிறன்.

எந்தப் பக்கம் போறது எண்டதைத் தீர்மானிக்கிறது காத்து. யாழ்ப்பாணத்திலை ஏற்றம் எண்டு சொல்ல ஒண்டுமில்லை, கியர் சைக்கிள் தேவையில்லை, ஆனால் வெளியளிலை காத்து ஆளை நிப்பாட்டிப் போடும். சோழகம், அதுதான் தென்மேல் காத்து, அடிக்கிற மாதங்களிலை வடகிழக்காப் பருத்தித்துறை ரோட்டாலை வல்லை வெளிக்குப் போனால் போகேக்கை முதுகிலை கை வைச்சுத் தள்ளிக்கொண்டு போகும், "ஆகா, நான் நல்லா உழக்கிறன்" எண்டு நினைச்சு நெல்லியடி தாண்டிப் போயிடுவியள், திரும்பேக்கைதான் தெரியும், அந்த வெளியிலை ஒதுங்க ஒரு மரமும் இல்லை, பெடலிலை எழும்பி நிண்டு உழக்கினாலும் நடக்கிற வேகம்தான். அதாலை சோழகத்துக்கு மேற்கை தீவுப்பக்கம் போற பண்ணைப் பக்கம். போகேக்கை முகத்திலை அடிக்கும், அப்ப காலிலை தெம்பிருக்கும், வரேக்கை காத்தே கொண்டு வந்து கோட்டையடியிலை விட்டிடும். மார்கழி தையிலை வடக்கிலையிருந்து அடிக்கிற வாடைக்கு இதை மாத்திப் போடோணும், அப்பதான் வல்லை. முதல் எதிர்க்காத்து, பிறகு பின்காத்து, இதை மட்டும் மறக்காட்டிக் காணும்.

போயா விடியப் பண்ணைப் பாலத்திலை ஏறினால் முன்னுக்கு மேற்கிலை முழு நிலவு இறங்கிக்கொண்டிருக்கும், முதுகுக்குப் பின்னாலை பொழுது வெளிக்கும், ரெண்டு பக்கமும் கடலுக்குள்ளை மீன் பிடிக்கக் கட்டின களங்கண்டிக் கம்புகள் வரிசையா நிக்கும். அல்லைப்பிட்டி தாண்டி மண்கும்பானடியிலை நிண்டு அக்கா கொண்டு வாற ரொட்டியும் கட்டச்சம்பலும். ரெண்டு பேரும் அரை மணித்தியாலம் எங்கடை பெரியவையைத் திட்டுவம், வோர்டிலை ஆள் காணாத கதை அவவுக்கு, கவுண்டரிலை ஆள் காணாத கதை எனக்கு.

ரொறன்ரோவிலை இருக்கிற இவரின்ரை மருமகன் ஒரு அப்பை போனிலை போட்டுத் தந்தவன், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், போன கிழமையை விடக் கூடவா குறைவா எண்டெல்லாம் காட்டும். கொஞ்ச நாளிலை பாத்தால் நல்லூரடியிலை சிக்னலுக்கு நிக்கேக்கை "சராசரி இறங்குது" எண்டு எரிச்சல் வருது, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி "இந்தக் கிழமை உங்கள் இலக்கு" எண்டு மெசேஜ் வேறை. அடகுக்கு ரார்கெட், சேமிப்புக் கணக்குக்கு ரார்கெட், இதுக்குள்ளை சைக்கிளுக்குமோ? அழிச்சுப் போட்டன். அவன் ஓடுறது பந்தயத்துக்கு, அவனுக்கு அது தேவை, பிழையில்லை. எனக்கு ஒருத்தரும் கணக்குக் கேக்காத ஒரு அரை மணித்தியாலம்தான் தேவை.

இன்னொண்டும் சொல்லோணும், இது எனக்குக் கோபமான விசயம். "ஸ்ட்ரெஸ் எண்டால் ஏதாவது உடற்பயிற்சி செய்யுங்கோ, மிஸ் சைக்கிள் ஓடுறா பாருங்கோ" எண்டு மீற்றிங்கிலை என்னை உதாரணம் காட்டிச்சினம். அண்டைக்கும் பெட்டகம் பூட்ட எட்டு மணி. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் சேந்து 2021இலை வெளியிட்ட ஆய்விலை, கிழமைக்கு 55 மணித்தியாலமோ அதுக்கு மேலையோ வேலை செய்யிற ஆக்களுக்கு, 35க்கும் 40க்கும் இடையிலை செய்யிறவையை விடப் பக்கவாதம் வாற ஆபத்து 35 வீதமும் இருதய வருத்தத்தாலை சாகிற ஆபத்து 17 வீதமும் கூட எண்டு இருக்குது. எங்கடை நாட்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலேயே கிழமைக்கு 45 மணித்தியாலம் எண்டு கோடு கீறின சட்டம். ரெண்டு பேர் செய்யிற வேலையை ஒராளிட்டைக் குடுத்துப்போட்டு அந்த ஆளைச் சைக்கிள் ஓடச் சொல்லுறது மருந்தில்லை. மீற்றிங்கிலை வாய் திறந்து கேட்டன், சைக்கிளாலை குறையாது, ஆள் போட்டால் குறையும் எண்டு. ஆள் இன்னும் போடேல்லை. ஆனால் திறப்பைக் கிழமைக்குக் கிழமை மாத்தி வைச்சிருப்பம் எண்டு ஒரு முறை கொண்டு வந்தவை, இப்ப திறப்பில்லாத கிழமையளிலை அஞ்சரைக்கு வெளிக்கிடலாம், வெளிச்சத்தோடை, காவல் வண்டி இல்லாமல்.

வாற போயாவுக்கு ஊர்காவற்றுறை வரை போய், கடல் கடக்கிற மிதவை, அதுதான் எங்கடை 'பாதை', அதிலை சைக்கிளையும் ஏத்திக் காரைநகரிலை இறங்கி, பொன்னாலை, வட்டுக்கோட்டை எண்டு சுத்திக்கொண்டு வருவம் எண்டு அக்கா சொல்லுறா. என்ரை மகள் தானும் வாறாவாம், அந்தத் தூரம் அவவின்ரை சின்னச் சைக்கிளிலை ஏலாது, கரியரிலை இருத்துவம் எண்டால் "நான் என்ன குழந்தைப்பிள்ளையோ" எண்டு கோவம். அதை இவர் சமாளிக்கட்டும். எனக்கு இப்ப பின் ரயர் தேஞ்சு நூல் தெரியுது, சனிக்கிழமை ஐயா கடை திறக்கிற நேரத்துக்கே போய் நிக்கோணும், பிந்தினால் ரியூசன் பெடியளின்ரை சைக்கிள் எல்லாம் ஒட்டுப் போட வரிசையிலை நிக்கும்.