வீட்டிலேயே முடியும் சிகிச்சை

இங்கிலாந்தில் ஆம்புலன்ஸில் வரும் பாராமெடிக், சர்க்கரை இறங்கி மயங்கியவரை வீட்டிலேயே தெளியவைத்து, மருத்துவமனைக்கு ஏற்றாமல், குடும்ப மருத்துவருக்குத் தகவல் அனுப்பிவிட்டுப் போவது வழக்கமான நடைமுறை. பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் பெரிய வீடுகளில் தனியாகவும் வாழும் செட்டிநாட்டுக்கு அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் மாத்திரை டப்பாவைப் பார்க்காமல் அந்த முடிவை எடுக்கக் கூடாது.

கானாடுகாத்தானில் எங்கள் பெரியாச்சிக்கு, வளவுத் தூணில் சாய்ந்தபடி வியர்த்துக் கொட்டியபோது, 108 ஊழியர் விரல் நுனியில் குத்திப் பார்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார். சற்று நேரத்தில், "காப்பி குடிக்கிறியளா தம்பி?" என்று ஆச்சி எழுந்துவிட்டார்கள். ஆயினும் அந்த ஊழியர் ஆச்சியை வீட்டில் விடாமல் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றார், அதுவே சரி.

சர்க்கரை நோய்க்குத் தரும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையின் வேகம் உடலில் நீடிப்பதால், தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும். சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம், இரவில் உடனிருந்து கவனிக்கவும் பெரும்பாலான வீடுகளில் ஆளில்லை.