முப்பது மில்லி மூடியும் அறுபது கிராம் புரதமும்

உடல் எடைக் குறைப்பு அறுவை முடிந்து வீடு திரும்பும்போது டயட்டீஷியன் ஒரு தாளைக் கையில் கொடுப்பார். நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீர், 60 முதல் 80 கிராம் புரதம் என்று அதில் இருக்கும். படிக்க எளிது. வீட்டுக்கு வந்த மறுநாளே கணக்கு இடிக்கும்.

காரணம் இதுதான். இந்த அறுவையில் ஸ்லீவ், பைபாஸ் என்று இரண்டு முக்கிய வகை. ஸ்லீவ் செய்தவர்களுக்கு இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்ளும் குறுகிய குழாய். பைபாஸ் என்றால் (இதய பைபாஸ் இல்லை, இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து நேரே குடலோடு இணைப்பது) மேலே விடப்படும் பை ஏறத்தாழ 30 மில்லிதான். முதல் வாரங்களில் தையல் போட்ட இடம் வீங்கியிருப்பதால் அந்த இடமும் முழுதாகக் கிடைக்காது. நீரும் புரதமும் இந்த ஒரே ஒற்றையடிப் பாதையில் போகவேண்டும், அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக. இதைக் கடந்து வந்த நாங்கள் எல்லோரும் கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றே: ஒரு நாளின் நேரத்தை இரண்டுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கத் தெரிந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

முதல் இரண்டு வாரம் நீருக்கே முதலிடம். புரதம் கொஞ்சம் குறைந்தால் உடல் சில நாள் தாங்கும், நீர் குறைந்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. அறுவைக்குப் பிறகு மறுபடி மருத்துவமனையில் சேர நேர்வதற்கு நீரிழப்பு ஒரு முக்கியக் காரணம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியே ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுவதால் பசி இருக்காது. தாகமும் பலருக்கு மங்கிவிடுகிறது. தாகம் எடுக்கட்டும், குடிப்போம் என்று காத்திருந்தால் நாள் முடிந்துவிடும்.

மருந்து அளக்கும் சின்ன மூடி ஒன்று, 30 மில்லி கொள்வதாக, இருந்தால் போதும். கால்மணிக்கு ஒரு மூடி. அந்த ஒரு மூடியையும் ஒரே வாயில் ஊற்றாமல் நாலைந்து மிடறாகக் குடிக்கவேண்டும். மணிக்கு 120 மில்லி, விழித்திருக்கும் 12 மணி நேரத்துக்கு 1,440 மில்லி. இடையில் குளிப்பது, தூங்குவது, யாராவது பார்க்க வருவது என்று இரண்டு மணி நேரம் போனால் 1,200 ஆகும். அப்படிப் போன இரண்டு மணி நேரத்தை அடுத்த அரை மணியில் ஈடுகட்ட முயல்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 200 மில்லியை மடமடவென்று குடித்தால் நெஞ்சுக்குழியில் கல் விழுந்ததுபோல் வலிக்கும், எச்சில் நுரை நுரையாக மேலே வரும், குடித்ததும் வெளியே போகும். விட்டது விட்டதாகவே இருக்கட்டும். அடுத்த கால்மணியிலிருந்து பழைய அளவைத் தொடருங்கள்.

வெறும் தண்ணீர் கனமாக இறங்குகிறது, குமட்டுகிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். பிரமை இல்லை, உண்மையாகவே அப்படித்தான் இருக்கும். சிலருக்கு ஐஸ் போட்ட நீர் இறங்கும், சிலருக்கு வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர்தான் இறங்கும். காலையில் எழுந்ததும் இறுக்கம் அதிகம் என்பதால் அப்போது வெந்நீரில் தொடங்குவது நல்லது. தெளிந்த ரசம் (மிளகாய், புளி குறைத்து, வடிகட்டி), நீர்மோர், உப்பும் எலுமிச்சையும் போட்ட நீர் எல்லாமே நீர்க் கணக்கில் சேரும். இளநீரும் சேரும், ஆனால் அதில் சர்க்கரையும் உண்டு. நாளுக்கு ஒன்று, அதுவும் பிரித்துப் பிரித்து. சோடா வகைகள் வேண்டவே வேண்டாம். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போவதால் வாயு வலி வரும் என்று பல மருத்துவர்கள் அதைத் தவிர்க்கச் சொல்வார்கள்.

சரியாகப் போகிறதா என்பதைச் சிறுநீர் சொல்லிவிடும். வைக்கோல் நிறத்தில் நாலைந்து தடவை போனால் கவலை இல்லை. டீ டிக்காஷன் நிறம், எழுந்து நின்றதும் கிறுகிறுப்பு, நாக்கு ஒட்டுவது, தலைவலி, படபடப்பு எல்லாம் நீர் குறைந்ததற்கு அடையாளம். நீரிழப்பே குமட்டலைக் கொண்டுவரும், குமட்டல் வந்தால் குடிக்க முடியாது, குடிக்காவிட்டால் குமட்டல் கூடும். இந்தச் சுழலில் மாட்டியவர்கள் வீட்டில் பொறுத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு நாள் முழுக்க அரை லிட்டர்கூட உள்ளே நிற்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் அறுவை செய்த இடத்துக்கே போய்விடுங்கள். ஓய்வில் இருக்கும்போதே நாடி 120-க்கு மேல், காய்ச்சல், இடது தோளில் வலி, வயிற்று வலி கூடுவது ஆகியவை தையல் கசிவின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இங்கே நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை. வாந்தி எடுத்துச் சோர்ந்தவரை வீட்டார் தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப் போவார்கள், அங்கே உடனே ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏறும். பல நாள் வாந்தி எடுத்தவருக்கு, சரியாகச் சாப்பிடாதவருக்கு, உடலில் தயமின் என்ற பி1 சத்து தீர்ந்திருக்கும். அதன் சேமிப்பே இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். தயமின் இல்லாத நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிச்சமிருப்பதும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழம்பிப் பேசுவது, கால் மரத்துப்போவது எல்லாம் அதன் அடையாளங்கள். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: “எனக்கு எடைக் குறைப்பு அறுவை நடந்திருக்கு, இத்தனை நாளா வாந்தி, குளுக்கோஸுக்கு முன்னாடி தயமின் போடுங்க டாக்டர்.” இதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள். சோர்ந்து கிடப்பவருக்குப் பேச வராது.

அறுவைக்கு முன் சாப்பிட்ட ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இப்போது பழைய அளவில் பொருந்தாமல் போகலாம். குறிப்பாகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும், பெயர் ‘ஃப்ளோசின்’ என்று முடியும் சர்க்கரை மாத்திரைகளும் நீரை வெளியே தள்ளும். அவற்றைப் பற்றி வீடு திரும்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். தாமாக நிறுத்துவதும் தவறு, பழையபடி தொடர்வதும் தவறு.

இனி புரதம். திரவ உணவுக் கட்டத்தில் பொடி இல்லாமல் 60 கிராம் எட்டுவது அநேகமாக நடக்காது. பருப்புத் தண்ணீரில் புரதம் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறோம். மேலே தெளிந்து நிற்கும் நீரில் பெரிதாக ஒன்றுமில்லை, புரதம் அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது. ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். தெம்பு வரும் என்று அம்மாக்கள் அன்போடு ஊற்றுவார்கள். நீராக அது நல்லது, ஆனால் அதில் உள்ளது பெரும்பாலும் எலும்பு, மூட்டிலிருந்து வரும் கொலாஜன் என்ற ஒருவகைப் புரதம். தசையைக் காக்கத் தேவையான எல்லா அமினோ அமிலமும் அதில் இல்லை. ராகிக் கஞ்சி, மால்ட் பானங்கள், இட்லி எல்லாம் பெரும்பாலும் மாவுச்சத்து. ஓர் இட்லியில் 2 கிராம் வந்தால் அதிகம்.

பொடி வாங்கும்போது டப்பாவின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்க அட்டவணையில் ஒரு ஸ்கூப் எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம் என்று பாருங்கள். 30 கிராம் ஸ்கூப்பில் 25 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் அது பெரும்பாலும் ஐசொலேட், அதாவது பாலிலிருந்து புரதத்தை நன்றாகப் பிரித்தெடுத்த வகை. பால் சர்க்கரையான லாக்டோஸ் அதில் மிகக் குறைவு. விலை குறைந்த கான்சன்ட்ரேட் வகையில் லாக்டோஸ் இருப்பதால் பைபாஸ் செய்தவர்களில் பலருக்கு வயிறு உப்பும், பேதியாகும். எடை கூட்டுவதற்காக விற்கும் ‘மாஸ் கெய்னர்’ பக்கமே போகக்கூடாது. அதில் பெரும்பகுதி சர்க்கரையும் மாவும்தான். பைபாஸ் ஆனவர்களுக்கு அந்தச் சர்க்கரை குடலில் சட்டென்று இறங்கி வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று ‘டம்பிங்’ எனப்படும் உபாதை வரும்.

கலக்குவதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. கொதிக்கும் பாலிலோ ரசத்திலோ பொடியைக் கொட்டினால் திரிந்து கட்டி கட்டியாகும். முதலில் இரண்டு மேசைக்கரண்டி ஆறிய நீரில் பசைபோல் குழைத்து, பிறகு கை பொறுக்கும் சூட்டில் உள்ளதை ஊற்றவேண்டும். ஷேக்கரில் குலுக்கினால் நுரை எழும். நுரை என்பது காற்று, காற்று என்பது வயிற்றில் இறுக்கம். கரண்டியால் கலக்குங்கள், இல்லையென்றால் குலுக்கிப் பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். முதல் வாரத்தில் முழு ஸ்கூப்பை ஒரே தடவையில் முயலவேண்டாம். அரை ஸ்கூப், 150 மில்லி, ஒரு மணி நேரத்தில். இப்படி நாலு தடவை என்றால் 50 கிராம் புரதமும் 600 மில்லி நீரும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன. இரண்டு கணக்கும் ஒன்றாக ஏறும் ஒரே கட்டம் இதுதான், அதனால் திட உணவுக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

சாக்லேட், வெனிலா இனிப்பு பத்தாம் நாளில் திகட்டிவிடும். வாசனை சேர்க்காத ஐசொலேட் வாங்கி, உப்பும் பெருங்காயமும் போட்டு மோரில் கலந்தால் பலருக்கு அது மாதக்கணக்கில் ஓடுகிறது.

மூன்றாம் வாரம் மசித்த உணவு, ஐந்தாம் வாரம் மென்மையான உணவு என்று பொதுவாகப் போவார்கள். உங்கள் மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அவர் சொன்னதே சரி. இங்கிருந்துதான் நீரும் உணவும் மோதத் தொடங்கும். சாப்பிடும்போது குடிக்கக்கூடாது, சாப்பிட்டபின் அரை மணி குடிக்கக்கூடாது. சேர்த்துக் குடித்தால் அந்தச் சின்ன இடம் நீரால் நிரம்பிப் புரதம் தட்டிலேயே நின்றுவிடும், அல்லது வலியும் வாந்தியும் வரும்.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 6 முதல் இரவு 10 வரை 16 மணி நேரம். ஐந்து வேளை, ஒவ்வொன்றும் 25 நிமிடம், பிறகு அரை மணி என்றால் நீர் குடிக்க முடியாத நேரம் நாலரை மணிக்கும் சற்று அதிகம். மிச்சம் பதினொன்றரை மணி நேரத்தில் 1,800 மில்லி முடிக்க மணிக்கு 160 மில்லி வேண்டும். முடியக்கூடியதுதான். அதையே ஏழு வேளையாக்கினால் ஆறரை மணி நேரம் போய்விடும், மணிக்கு 190 மில்லி தேவைப்படும். சின்னச் சின்னதாகக் கொறிப்பவர்களுக்கு நீர் குறைவது இதனால்தான். வேளைகளை எண்ணி வைத்துக்கொண்டு, இடைப்பட்ட நேரத்தில் வாய்க்கு நீரை மட்டும் கொடுக்கவேண்டும்.

ஆறாம் ஏழாம் வாரத்தில் ஒரு நாள் இப்படி அமையலாம். காலை ஏழரைக்கு மென்மையாகப் பொரித்த ஒரு முட்டை, 6 கிராம். பத்து மணிக்கு 200 மில்லி பாலில் ஒரு ஸ்கூப் பொடி, மெதுவாக ஒரு மணி நேரம், 31 கிராம். மதியம் குழம்பில் வெந்த 50 கிராம் மீனை முள்ளெடுத்து மசித்து, இரண்டு கரண்டி கெட்டிப் பருப்போடு, 13 கிராம். மாலையில் உதிர்த்த பன்னீர் 30 கிராம், 5 கிராம். இரவு கெட்டிப் பருப்பு ஒரு சின்னக் கிண்ணம், துணியில் கட்டி நீர் வடித்த தயிர் 50 கிராம், இரண்டும் சேர்ந்து 8 கிராம். மொத்தம் 63. முட்டையும் சேர்க்காதவர்கள் இந்த மாதங்களில் இரண்டு ஸ்கூப் இல்லாமல் சமாளிப்பது கடினம். மீல் மேக்கரில் காய்ந்த எடையில் நூற்றுக்கு 50 கிராம் புரதம் உண்டு. ஆனால் அதை நன்றாக ஊறவைத்துப் பிழிந்து மிக்ஸியில் உதிர்த்துத்தான் தரவேண்டும், முழுசாகத் தந்தால் பஞ்சுபோல் அடைக்கும்.

தட்டில் சோறு நடுவில், மற்றதெல்லாம் ஓரத்தில் என்ற பழக்கத்தைத் திருப்பிப்போட வேண்டும். முதலில் மீனோ முட்டையோ பன்னீரோ, பிறகு காய், இடம் இருந்தால் ஒரு கரண்டி சோறு. கோழி மார்புக்கறி வறண்டு போவதால்தான் மாட்டிக்கொள்கிறது. கொத்துக்கறியாகக் குழம்பில் வேகவிட்டால் இறங்கும். சுறாப் புட்டும் நன்றாகப் போகிறது, எண்ணெயும் காரமும் குறைத்துச் செய்தால். முதல் கவளத்தை இருபது முப்பது தடவை மென்று, அது இறங்கிய பிறகே அடுத்தது. மூக்கு ஒழுகுவது, விக்கல், ஏப்பம் ஆகியவை ‘போதும்’ என்பதற்கான சமிக்ஞை. அதற்குப் பின் ஒரு வாய் வைத்தாலும் வெளியே வரும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு வேறு ஆபத்து. எல்லாம் கொஞ்சம் இறங்கத் தொடங்கும்போது, புரதம் நெஞ்சில் நிற்கும், டீயில் தோய்த்த பிஸ்கட்டும் முறுக்கும் இட்லியும் வழுக்கிக்கொண்டு போகும். வலிக்காததை நோக்கிக் கை தானாகப் போகும். 60 கிராம் மெல்ல 35-க்கு இறங்குவது அப்படித்தான், யாருக்கும் தெரியாமல். இந்தச் சமயத்தில் ஒரு நோட்டில் வாரத்தில் இரண்டு நாளாவது எழுதிப் பார்க்கவேண்டும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது அறுவையின் அதிர்ச்சியாலும் வேகமாக எடை குறைவதாலும் பலருக்கு வருகிறது, திரும்பவும் முளைக்கிறது. ஆனால் புரதமும் இரும்பும் குறைந்திருந்தால் அது நீடிக்கும். கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது என்றால் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்துவிடுங்கள்.

மலச்சிக்கலுக்கு உடனே பேதி மருந்து தேடுகிறோம். பொடி, இரும்பு மாத்திரை, நீர்க் குறைவு மூன்றும் சேர்ந்தே அதைக் கொண்டுவருகின்றன, முதலில் நீரை 300 மில்லி கூட்டிப் பாருங்கள். பைபாஸ் ஆனவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் வருடங்கள் கடந்தாலும் இரண்டு லிட்டரை விடக்கூடாது. கத்திரி வெயிலில் வெளியே போகிறவர்கள் அதற்கும் மேல் அரை லிட்டர் சேர்க்கவேண்டும். காலை 10, மதியம் 1, மாலை 4 என்று புட்டியில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால், பேருந்திலோ அலுவலகத்திலோ எந்தக் கோட்டில் பின்தங்கியிருக்கிறோம் என்று பார்த்ததுமே தெரியும். இரவு படுக்கையருகே அந்த மூடியையும் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீரையும் வைத்துவிட்டால், விடிந்ததும் முதல் 30 மில்லி அங்கேயே தொடங்கிவிடும்.