கோர்டெஸ் பாரில் ஓர் ஓப்பா மீன்

ஜூலை 11, 2024, வியாழன்

சான் டியேகோ நகரின் பாயிண்ட் லோமா துறையிலிருந்து இரவு கிளம்பினோம். துறைமுக வாயிலில் படகை நிறுத்தி, இரைக்கு உயிருள்ள சாளை ஏற்றினார்கள். ஞாயிறு காலையில் கரை. எல்லோரும் புளூஃபின் சூரைக்குத்தான் வந்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டுதான் பிடிக்கலாம் என்பது கலிபோர்னியச் சட்டம்.

ஜூலை 12, வெள்ளி

கோர்டெஸ் பார். பார் என்றால் கடலுக்கடியில் எழுந்து நிற்கும் பாறைத்திட்டு. சான் டியேகோவுக்கு மேற்கே நூறு மைல் போல இருக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர்தான். ஆனால் இந்தப் பாரின் உச்சியான பிஷப் ராக், கடல்மட்டத்துக்குக் கீழே ஓர் ஆள் ஆழத்தில் நிற்கிறது. 1855இல் ஒரு பாய்மரக் கப்பல் அதில் மோதியது. அந்தக் கப்பலின் பெயர்தான் பாறைக்கும் வந்துவிட்டது. ஆழத்திலிருந்து எழும் பாரில் நீவாடு, அதாவது நீரோட்டம், மோதும்போது அடித்தண்ணீர் சத்தோடு மேலே வரும். கணவாயும் சிறு மீனும் அங்கே கூடும், அவற்றைத் தின்னப் பெரிய மீன் வரும். எங்கள் ஊர்க் கடலிலும் பாரைத் தேடிப் போவது இதற்காகத்தான்.

இன்று சூரை கடிக்கவில்லை. நீவாடு வலுவாக இருந்தது.

ஜூலை 13, சனி

விடிவதற்கு முன்பே எழுந்து, கனமான உலோக இரையை 90 மீட்டருக்கு இறக்கினேன். இருட்டில் சூரை அந்த ஆழத்தில் நிற்கிறது என்று ஒலியலையால் மீனைக் காட்டும் எக்கோ சவுண்டரைப் பார்த்துச் சொன்னார்கள். இரை இறங்கிக்கொண்டிருக்கும்போதே நூல் தொய்ந்தது. சுற்றி இழுத்தேன், மாட்டிக்கொண்டது.

முதலில் சூரை என்றே நினைத்தோம். சூரை ஒரே மூச்சில் நூலை உருவிக்கொண்டு ஓடும். இது அப்படி ஓடவில்லை. அகன்ற பக்கத்தைத் தண்ணீருக்குக் கொடுத்து, பெரிய வட்டமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நூல் கிடைக்கும், அடுத்த சுற்றில் அதில் பாதி போய்விடும். முன்கை மரத்துப்போகும் நேரத்தில் வெளிச்சம் வந்தது. கீழே வெள்ளியும் சிவப்பும் தெரிந்தன. "ஓப்பா! ஓப்பா!" என்று படகுப் பணியாளர் கத்தினார். தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். இரண்டு பேர் கொக்கிக்கம்பு போட்டுத்தான் தூக்க முடிந்தது.

சுளகு போல வட்டமான உடம்பு. முதுகு நீலம், வயிறு இளஞ்சிவப்பு, உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகள், வாயும் சிறகுகளும் குங்குமச் சிவப்பு. கண்ணைச் சுற்றிப் பொன் நிறம். படகில் கிடந்தபோதும் பக்கச் சிறகுகளை அடித்துக்கொண்டே இருந்தது. நிறம் வெளுக்க ஆரம்பித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. உடனே செவுளை அறுத்து ரத்தத்தை வடியவிட்டு ஐஸ் தண்ணீரில் போட்டோம்.

ஜூலை 14, ஞாயிறு

துறையில் எடை போட்டார்கள், 48 கிலோ. வெட்டிக் கொடுப்பவர், முதுகுச் சதையை மட்டும் எடுத்தால் போதுமா என்று கேட்டார். நிறையப் பேர் அதை மட்டும்தான் கொண்டுபோவார்களாம். எல்லாம் வேண்டும் என்றேன்.

வெட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். முதுகில் ஆரஞ்சு கலந்த சதை. வயிற்றில் கொழுப்போடிய இளஞ்சிவப்பு. பக்கச் சிறகுக்கு உள்ளே தடித்த சதை, மாட்டிறைச்சியின் கருஞ்சிவப்பு. ஓப்பா வாலால் அல்ல, இந்தச் சிறகுகளை அடித்துத்தான் நீந்துகிறது. ஓய்வில்லாமல் உழைக்கும் அந்தச் சதையில்தான் உடம்பின் சூடு பிறக்கிறது.

சான் டியேகோவின் லா ஹோயா பகுதியில் இருக்கும் அமெரிக்க அரசின் மீன்வள ஆய்வு மையத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் வெக்னர் குழு 2015இல் இதைக் கண்டுபிடித்தது. உடம்பு முழுவதையும் சூடாக வைத்திருக்கும் மீன் என்று முதன்முதலில் தெரியவந்தது ஓப்பாதான். சூரையும் சில சுறாக்களும் நீந்தும் சதையைச் சூடாக வைத்துக்கொள்ளும், ஆனால் அவற்றின் இதயம் குளிர்ந்துவிடும். அதனால் அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். ஓப்பாவின் செவுளில், உடம்பிலிருந்து வரும் சூடான ரத்தமும் தண்ணீரில் பட்டுத் திரும்பும் குளிர்ந்த ரத்தமும் நெருக்கமான குழாய்களில் எதிரெதிராக ஓடுகின்றன. சூடு வெளியே போகாமல் உள்ளேயே திரும்புகிறது. சுற்றியுள்ள தண்ணீரைவிட உடம்பு சுமார் 5 டிகிரி சூடு. 50 முதல் 400 மீட்டர் வரையான குளிரில் கணவாயைத் துரத்திப் பிடிக்க அது போதும்.

சாயங்காலம் அப்பாவுக்குப் படம் அனுப்பினேன். குமரி மாவட்டத்துத் தூத்தூரிலிருந்து, நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்குப் போனவர். இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றார். விஷயத்தைச் சொன்னதும், "தொட்டா சூடா இருந்துதா மக்களே?" என்று கேட்டார். சூரையைத் தூக்கிப் போட்டதும் கைக்குத் தெரியும் சூட்டை அவர் நன்றாக அறிவார். இல்லை, குளிர்ச்சியாகத்தான் இருந்தது என்றேன். அது இருந்த ஆழத்தில் தண்ணீர் 10 டிகிரி இருக்கும். அதற்கு மேல் 5 என்றாலும் நம் கைக்குக் குளிர்தானே.

இரவு சிறகுச் சதையை மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம், தேங்காய்த் துண்டு போட்டு வறட்டினேன். மற்ற சதையெல்லாம் வெந்தால் வெளுத்துவிடும், இது பழுப்பாகவே நிற்கிறது. மீன் வாடை இல்லை, மாட்டிறைச்சியின் கடி. இந்த மீனில் எனக்கு இதுதான் முதலிடம். இதைப்போய் எறிகிறார்களே என்று ஆற்றாமையாக இருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

எழுத விட்டுப்போனது ஒன்று. குடலை அறுத்தபோது உள்ளே கணவாயின் அலகுகள் நிறைய இருந்தன. கூடவே நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. ஹவாய் பக்கம் பிடிபட்ட பெரிய மீன்களின் வயிற்றை ஆராய்ந்து 2013இல் வந்த கட்டுரையிலும், பிளாஸ்டிக் அதிகம் அகப்பட்ட மீன்களில் ஓப்பா இருந்தது. இவ்வளவு ஆழத்தில் வாழும் மீனுக்கே இந்தக் கதி.

பக்கத்து வீட்டு ஹவாய்க்கார அம்மாவுக்கு வயிற்றுச் சதை கொடுத்தேன். ஹவாயின் பழைய தூண்டில்காரர்கள் ஓப்பாவை அதிர்ஷ்ட மீன் என்று விற்காமல் தானமாகக் கொடுப்பார்களாம்.

ஜூலை 21, ஞாயிறு

முதுகுச் சதையில் ஒரு துண்டைப் பச்சையாகச் சாப்பிடுவதற்கென்று துறையிலேயே கடுங்குளிரில் வைக்கக் கொடுத்திருந்தேன். ஒட்டுண்ணி சாக மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் இருக்க வேண்டும். இன்று வாங்கி வந்து மெல்லிசாக நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் மட்டும் விட்டுச் சாப்பிட்டோம். நல்ல கொழுப்பு, லேசான இனிப்பு, சூரையைவிட மென்மை. மிச்சமிருந்ததைப் புளிக்குழம்பில் போட்டுப் பார்த்தேன், புளி அதன் ருசியை மூடிவிட்டது. முதுகுச் சதைக்குக் கொஞ்சம் மஞ்சளும் உப்பும் தடவித் தோசைக்கல்லில் ஒரு திருப்பு திருப்பினால் போதும். கன்னச் சதை இன்னும் இருக்கிறது, அதையும் சிறகுச் சதை போலவே மிளகில் வறட்டப் போகிறேன்.