ரிம்மில் இருக்கும் ஈ.டி. எண்ணும் கொத்தனாரின் தூக்குக்குண்டும்

வண்டி பள்ளத்தூர் வீட்டுக்கு வந்த முதல் வாரமே சத்தம் கேட்டுவிட்டது. பி.எம்.டபிள்யூ இசட்4, ஈ89 தலைமுறை, 2011 மாடல். இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி. கானாடுகாத்தானைத் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் 'சர்ர்' என்று உரசியது. பக்கத்தில் இருந்த அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்னப்பா, அடியில இடிச்சிருச்சா?" என்றார். அடியில் எதுவும் இடிக்கவில்லை. டயர்தான் மட்கார்டின் உள்மடிப்பில் உரசியிருந்தது.

எனக்கு முன் வைத்திருந்தவர் 19 அங்குல ரிம் வாங்கி மாட்டியிருந்தார். முன்னால் 8.5 ஜே அகலம் (அதாவது 8.5 அங்குலம்), ஈ.டி. 20 (இது என்ன என்று பின்னால் சொல்கிறேன்), டயர் 235/35 (அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் அதில் 35 சதவீதம்). பின்னால் 9.5 ஜே, ஈ.டி. 22, டயர் 265/30. நிறுத்திவைத்துப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் எங்கள் ஊர்ச் சாலையில் ஓட்டினால்தான் தெரியும். குழாய்க்காகத் தோண்டி மூடிய தடம் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் ஏறும். பின்டயரின் பக்கச்சுவர் 80 மி.மீ. கூட இல்லை. கழற்றிப் பார்த்தபோது இடது முன்ரிம்மின் உள்விளிம்பு நெளிந்திருந்தது.

வேறு ரிம் போடுவது என்று முடிவாயிற்று. எது போடுவது என்பதில்தான் ஒரு மாதம் போனது.

காரைக்குடியில் கேட்ட முதல் கடையில் ஒரு செட்டைக் காட்டி, "அஞ்சு போல்ட்தானே தம்பி, உட்கார்ந்துரும்" என்றார்கள். அது உட்காரவே உட்காராது. என் வண்டிக்குப் போல்ட் வட்டம் 5x120 (120 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட்), நடுத்துளை 72.6 மி.மீ. அவர்கள் காட்டியது 5x112, நடுத்துளை 66.6. ஹப்பின் (ரிம் வந்து உட்காரும் நடுப்பாகம்) மூக்கே அந்தத் துளைக்குள் நுழையாது. துளை பெரிதாக, 74.1 என்று இருந்தால் வளையம் போட்டுச் சமாளிக்கலாம். சிறிதாக இருந்தால் வழியில்லை. இந்த இரண்டு எண்ணும் பொருந்திய பிறகுதான் ஈ.டி. பற்றிப் பேச்சே.

ஈ.டி. என்பது ஆஃப்செட். ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாக வெட்டும் கோட்டுக்கும், ரிம் ஹப்பில் போய் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். அந்த முகம் வெளிப்பக்கம் தள்ளி இருந்தால் எண் நேர்மறை. எண் கூடினால் ரிம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அகலத்தைச் சொல்லாமல் ஈ.டி.யை மட்டும் சொன்னால் பயனில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுத்தான் புரிந்தது.

கணக்கு எளிதுதான். அகலத்தை 25.4-ஆல் பெருக்கிப் பாதியாக்கி, ஈ.டி.யைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து ரிம்மின் வெளிவிளிம்பு எவ்வளவு தூரம் என்று வரும். கூட்டினால் உள்விளிம்பு. இந்த வண்டிக்குக் கம்பெனியே கொடுத்த 18 அங்குல அளவு முன்னால் 8 ஜே, ஈ.டி. 29, பின்னால் 8.5 ஜே, ஈ.டி. 40. முன்னால் வெளிவிளிம்பு 72.6 மி.மீ., பின்னால் 68. என் வண்டியில் மாட்டியிருந்ததோ முன்னால் 88, பின்னால் 98.7. அதாவது பின்ரிம் இருக்கவேண்டிய இடத்தைவிட 31 மி.மீ. வெளியே நின்றது. ஏறத்தாழ இரண்டு விரல் அகலம். உரசாமல் என்ன செய்யும்?

முன்னால் நடந்தது இன்னும் முக்கியம். அங்கே ஈ.டி. 9 மி.மீ. குறைந்ததால் டயரின் நடுக்கோடும் அதே அளவு வெளியே போய்விட்டது. ஸ்டீரிங் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள உறவு மாறிவிட்டது. குழியில் ஒரு டயர் விழுந்தால் ஸ்டீரிங் கையை வெட்டி இழுத்ததற்கு இதுதான் காரணம். நான் அதுவரை அலைன்மென்ட் கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை காசு கொடுத்துப் பார்த்திருந்தேன்.

காகிதக் கணக்கை வண்டியிலும் பார்த்துவிட நினைத்தேன். அந்தச் சமயம் வீட்டு வளவில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனார் அண்ணனிடம் தூக்குக்குண்டை வாங்கி, மட்கார்டின் விளிம்பிலிருந்து நேராகத் தொங்கவிட்டேன். பின்னால் நூல் நேராக இறங்கவில்லை. டயரின் தோளில் சாய்ந்து நின்றது. "இது சுவரா இருந்தா இடிச்சுத்தான் கட்டணும்" என்றார் அண்ணன். அளவெடுப்பதில் அவர் கை சுத்தம். நான்கு சக்கரத்துக்கும் அவரே நூல் பிடிக்க, நான் எழுதிக்கொண்டேன். டயரின் வயிறு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் ரிம்மின் விளிம்பு வரைதான் அளந்தோம். பிறகு ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, உள்ளே சஸ்பென்ஷன் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தோம்.

17 அங்குலத்துக்கு இறங்கலாமா என்றும் யோசித்தேன். 225/45 ஆர்17 போட்டால் பக்கச்சுவர் 101 மி.மீ.; 225/40 ஆர்18-இல் 90. அந்த 11 மி.மீ. ரப்பர் எங்கள் சாலைக்குப் பெரிய வரம். ஆனால் கைக்குக் கிடைத்த 17 அங்குல ரிம்மை மாட்டிப் பார்த்தால் அதன் ஆரம் (ஸ்போக்) பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைத் தொட்டது. எண்ணெல்லாம் பொருந்தினாலும் ஆரத்தின் வளைவு பொருந்தாமல் போகலாம். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தகடு வைத்து வெளியே தள்ளலாம் என்றார்கள். அப்புறம் நீளமான போல்ட் வேண்டும், ஈ.டி. மறுபடி குறையும். எதைச் சரிசெய்யக் கிளம்பினேனோ அதே இடத்துக்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவரிடம் கம்பெனி 18 அங்குல செட் பழையதாகக் கிடைத்தது. நேரில் போய், ஒவ்வொன்றையும் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு உள்விளிம்பு ஆடுகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுத்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கம்பெனி அளவுக்கே திரும்பியதில் அந்தக் கவலையும் போயிற்று.

டயர் முன்னால் 225/40 ஆர்18, பின்னால் 255/35 ஆர்18. முன்டயர் முழு உயரம் 637 மி.மீ., பின்டயர் 636. இரண்டும் நெருக்கமாக இருந்தால்தான் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) குழம்பாது. முன்பு இருந்த 19 அங்குலத்தில் முன்டயர் 647, பின்டயர் 642. சுமைக் குறியீடு முன்னால் 92, பின்னால் 94 பார்த்து எடுத்தேன். ஒரு டயர் 630, 670 கிலோ தாங்கும் என்று அர்த்தம். பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கத்தையும் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். கடைக்காரர் முதலில் எடுத்துவந்த ஜோடி மூன்று வருடப் பழையது. வேறு கேட்டேன், முகம் சுளிக்காமல் வரவழைத்துத் தந்தார்.

ரன்ஃபிளாட் வேண்டாம் என்று முடிவுசெய்தது நீண்ட யோசனைக்குப் பிறகுதான். இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. ரன்ஃபிளாட்டாக இருந்தால் காற்றே இல்லாமலும் மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். ஆனால் அதன் விறைப்பான பக்கச்சுவர் அப்பச்சியின் இடுப்புக்கு ஆகாது. காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் சுமார் 90 கிலோமீட்டர்தான், வழியெல்லாம் பஞ்சர் கடை உண்டு. டிக்கியில் ஒரு சின்னக் காற்றடிக்கும் மெஷினும் பஞ்சர் கிட்டும் எப்போதும் இருக்கின்றன.

மாட்டிய அன்று, டயர் உரசினால் தடம் தெரியட்டும் என்று மட்கார்டின் உள்மடிப்பு முழுக்கச் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவினேன். டிக்கியில் ஒரு சிமென்ட் மூட்டை, 50 கிலோ. பக்கத்து இருக்கையில் கொத்தனார் அண்ணன். திருமயம் வரை போய், வழியில் இருந்த வேகத்தடை ஒன்றைக்கூட விடாமல் ஏறி இறங்கித் திரும்பினோம். குழியில் விழுந்தபோது ஸ்டீரிங் கையிலேயே நின்றது. வீட்டில் ஜாக்கி வைத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். நான்கு பக்கமும் தடவிய சுண்ணாம்பு தடவியபடியே காய்ந்திருந்தது. டார்க் ரெஞ்சை (குறித்த விசைக்கு முடுக்கும் ஸ்பேனர்) 120 நியூட்டன் மீட்டரில் வைத்து எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்கினேன். பின்பக்கம் ஒன்று மட்டும் இன்னொரு கால் சுற்று வாங்கியது.